எடுக்காமல் விட்ட படங்கள்: வன்னி ஸ்ரூடியோக்களின் திருத்துகிற வேலையும் சேர்க்கிற வேலையும்

“அப்பாவோட நான் நிக்கிற மாதிரி ஒரு படம் செய்து தர ஏலுமோ?” வன்னியில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. கேட்பவரின் கையில் பெரும்பாலும் இரண்டு படங்கள்தான் இருக்கும். ஒன்று அப்பாவின் அடையாள அட்டையில் உள்ளது, மற்றது தன்னுடைய கல்யாணப் படம். இரண்டுக்கும் இடையில் இருபது வருடம். இருவரும் ஒரே படத்தில் நின்றதே இல்லை, அல்லது நின்ற படம் இடம்பெயர்வோடு போய்விட்டது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்து ஸ்ரூடியோக்கள் செய்து தரும் இந்த வேலையைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. கடைப் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. எடிற் செய்கிற பொடியன் வேறு கடைக்கு மாறினால் தரமும் அவனோடு மாறிவிடும். ஆகவே பெயரை நம்பிப் போவதைவிட, வேலையைப் பார்த்துப் பிடிக்கத் தெரிந்துகொண்டு போவதே மேல். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழுதான படத்தைத் திருத்துவது கொடுக்கிற காசுக்குப் பெறுமதியான வேலை. ஒன்றாக நிற்காதவர்களை ஒன்றாக நிறுத்துவது, மூலப்படங்கள் ஒத்துவந்தால் மட்டும் பரவாயில்லை. ஏஐ போட்டு முகத்தைத் ‘தெளிவாக்குவது’ பெரும்பாலும் கேடு. பிறேம் போடுவதில்தான் கடைகள் மிகவும் சறுக்குகின்றன, அதைத்தான் வாங்குபவர்களும் குறைவாகக் கவனிக்கிறார்கள்.

வன்னிக் குடும்பங்களிடம் படம் குறைவாக இருப்பதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் போர். உண்மைதான். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் பலர் அல்பத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். 2008, 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை ஒவ்வோர் ஊராக நகர்ந்தவர்களின் பைகளில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி இவற்றுக்கு இடமிருந்தது, அல்பத்துக்கு இருக்கவில்லை. பங்கருக்குள் பொலித்தீன் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனவர்களில் திரும்பி வந்து தோண்டி எடுத்தவர்களுக்குக் கிடைத்தது ஒட்டிப்போன கட்டுகள். ஸ்ரூடியோக்களில் இருந்த நெகற்றிவ்களும் கடைகளோடேயே போயின.

ஆனால் அல்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், போர் மட்டும் காரணம் இல்லை. கணவனை இழந்த தாய், மகளின் கல்யாணத்தில் மணவறைப் பக்கம் வரமாட்டார். படத்திலும் வரமாட்டார். சாமத்தியவீட்டுப் படத்திலும் அதே கதை, அவர் குசினியில் நிற்பார். சபைக்கு வரக்கூடாது என்று ஊர் சொன்னதை அவரும் ஏற்றுக்கொண்டிருப்பார், ‘அம்மா, நீங்களும் வாங்கோ’ என்று யாரும் கையைப் பிடித்து இழுத்திருக்கமாட்டார்கள். இத்தனை பெண் தலைமைக் குடும்பங்கள் உள்ள பிரதேசத்தில் இந்த ஒரு வழக்கம் அழித்த படங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்தது, கமரா வைத்திருந்தவர். வீட்டில் ஒருவர்தான் படம் எடுப்பார், அவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். பிலிம் றோல் ஒன்றில் ஆகக் கூடியது 36 படம்தான். அதில் மாப்பிள்ளை பொம்பிளைக்கும் வந்த பிரமுகர்களுக்கும் போக மிச்சம் ஒன்றிரண்டுதான் இருக்கும். மூத்த பிள்ளைக்குப் பத்துப் படம், நாலாவது பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று மறுத்த ஆச்சிமார் வேறு.

இதெல்லாம் தெரிந்திருப்பதால் ஒரு நன்மை உண்டு. எங்கே தேடலாம் என்பதும் அதிலிருந்தே தெரியவரும். ஸ்ரூடியோப் படி ஏற முதல் செய்யவேண்டிய வேலை இந்தத் தேடல்தான். நல்ல மூலப்படம் ஒன்று கிடைத்தால் பத்து மணித்தியால எடிற் வேலை மிச்சம். 2002 இல் யுத்தநிறுத்தத்தோடு ஏ-9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. அந்த இடைவெளியில் ரொரன்ரோ, லண்டன், பாரிஸ் என்று இருந்த சொந்தங்கள் கமராவோடு வந்து போனார்கள். இங்கே அழிந்த பல முகங்கள் அவர்களின் அல்பத்தில் இன்னும் இருக்கின்றன. அப்பாவின் படம் அப்பாவின் வீட்டில் இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரரின் கல்யாண அல்பத்தில் சாப்பாட்டுப் பந்தியில் வாளி தூக்கிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக் குழுப்படம், கூட்டுறவுச் சங்கப் பிரியாவிடை, மன்னார்ப் பக்கம் என்றால் முதல் நன்மைக் குழுப்படம் என்று எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்கவேண்டும். கல்யாண வீடியோக் கசெற்றிலிருந்து ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கலாம், ஆனால் விஎச்எஸ் நாடாவில் நுணுக்கம் மிகக் குறைவு. 4×6 அங்குலத்தில் சின்னதாக அடிக்கத்தான் அது காணும். அந்தக் கசெற்றை டிஜிட்டலாக்கி வைப்பது வேறு காரணத்துக்காக முக்கியம்: அதில் குரல் இருக்கிறது.

மூலப்படத்தைக் கேட்டு வாங்கும்போது நடக்கும் பிழை ஒன்று கிட்டத்தட்ட எல்லா ஓடரிலும் வருகிறது. வெளிநாட்டில் இருப்பவர் அல்பத்தை மடியில் வைத்து, மின்குமிழுக்குக் கீழே, போனால் ஒரு கிளிக் அடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். வழமையான அமைப்பில் வட்ஸ்அப் அதைச் சுருக்கி, பெரும்பாலும் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். குழுப்படத்தில் பின்வரிசையில் நிற்கும் அப்பாவின் முகத்துக்கு அதில் மிஞ்சுவது ஐம்பது அறுபது பிக்சல். அங்கே இருப்பவரிடம் ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். முடியாதென்றால் படத்தை அல்ப உறையிலிருந்து வெளியே எடுத்து, பகலில் யன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே சமாந்தரமாகப் பிடித்து எடுத்து, ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது. நெகற்றிவ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 24×36 மில்லிமீற்றர் நெகற்றிவை 2400 டிபிஐயில் (டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 2270×3400 பிக்சல் வரும். 8×12 படம் நன்றாக அடிக்க அது போதும். நெகற்றிவ் ஸ்கானர் எல்லாக் கடையிலும் இருக்காது. இல்லாத இடத்தில் போன் திரையை முழு வெள்ளையாக்கி, நெகற்றிவைத் திரையில் ஒட்ட வைக்காமல் சில சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடித்து, இன்னொரு கமராவால் கிட்டவாக எடுத்தால் சமாளிக்கலாம். ஒட்ட வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும்.

இனி ஸ்ரூடியோ. நல்ல கடையை அடையாளம் காண முதல் இடம் ஸ்கானர் மேசை. பல கடைகளில் இருப்பது போட்டோக்கொப்பி, பிரிண்ட் எல்லாம் சேர்ந்த மலிவு மெசினின் சிஐஎஸ் வகை ஸ்கானர். கண்ணாடியில் தட்டையாகப் படிந்து கிடக்கும் தாளை அது நன்றாகவே எடுக்கும். ஒரு மில்லிமீற்றர் மேலே எழுந்தாலே மங்கிவிடும். சுருண்ட படம், பிறேம் கண்ணாடியோடு ஒட்டிய படம், தடித்த லமினேற் அட்டை எல்லாம் அதில் மங்கலாகத்தான் வரும். அந்த மங்கலைப் பிறகு ஏஐ போட்டுக் ‘கூராக்குவார்கள்’. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். கண்ணாடியிலிருந்து கொஞ்சம் எழுந்து நிற்பதையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை ஸ்கானர் உள்ள கடை, அல்லது கமராவால் நிதானமாகக் கொப்பி எடுக்கத் தெரிந்த கடை என்றால் அரைவாசி வெற்றி. ‘எத்தனை டிபிஐயில் எடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். சின்னப் படத்துக்கு 300 என்று பதில் வந்தால் வேறு கடை பார்க்கலாம். 4×6 படத்துக்கு 600, கடவுச்சீட்டு அளவுக்கு 1200 வேண்டும்.

கணக்கு இப்படி: 35×45 மில்லிமீற்றர் படம் 1200 டிபிஐயில் ஏறத்தாழ 1650×2125 பிக்சலாகும். 300 டிபிஐயில் அடித்தால் ஐந்தரைக்கு ஏழு அங்குலம். அதற்கு மேல் பெருப்பித்தால் தாளின் சொரசொரப்புத்தான் பெரிதாகுமே தவிர முகத்தில் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. இருபது பேர் நிற்கும் 4×6 குழுப்படத்தில் ஒரு தலை 6 மில்லிமீற்றர் உயரம் என்றால், 600 டிபிஐயில் அது 140 பிக்சல் அளவுதான். அதை எடுத்து 12×18 பிறேமுக்கு ஆளுருவாக அடித்துத் தருகிறோம் என்று சொல்லும் கடை, இல்லாத முகத்தைக் கற்பனை செய்து தரப்போகிறது. ‘5×7 க்கு மேல் வேண்டாம்’ என்று வாடிக்கையாளரை மறிக்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

பழைய அடையாள அட்டை, ஒன்பது இலக்கமும் ‘வி’ எழுத்தும் உள்ள லமினேற் அட்டை, வன்னியில் அதிகம் வரும் மூலம். லமினேற்றை வெட்டிப் படத்தை உரிக்க ஒருபோதும் விடாதீர்கள். பிளாஸ்ரிக்கோடு முகத்தின் மேற்படலமும் கழன்றுவரும். அட்டையோடேயே ஸ்கான் செய்யவேண்டும். கீறல் பளபளத்தால் அட்டையை 90 பாகை திருப்பி இன்னொரு தடவை எடுத்து, இரண்டையும் சேர்த்துத் திருத்தலாம். மரணப் பதிவு வேலைகளில் அட்டையைக் கையளிக்கவேண்டி வரலாம் என்பதால் அதற்கு முதலே ஸ்கான் எடுத்துவிடுவது புத்தி. செத்தவீட்டு அவசரத்தில் நோட்டீஸுக்காகப் போனில் எடுத்த மங்கல் படமே பிறகு கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்துக்கும், ஆட்டைத் திவசத்துக்கும், சுவருக்கும் நிரந்தரமாகிவிடுவது வழக்கம்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்க முயலவேண்டாம். பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, கண்ணாடியோடேயே கமராவால் எடுக்கவேண்டும். இரண்டு வெளிச்சம் இரு பக்கமும் 45 பாகையில், கமராவுக்கு முன்னால் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட ஒரு கறுப்புத் துணி. துணி இல்லாவிட்டால் எடுப்பவரின் உருவமே கண்ணாடியில் விழும். வெள்ளத்தில் நனைந்து ஒட்டிய அல்பம் என்றால் முதலில் உள்ளபடியே படமெடுத்து வைத்துவிட்டு, பிறகு ஸ்ரூடியோவில் கழுவி அடித்த வகைக் கலர்ப் படங்களைச் சுத்தமான பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரிக்கலாம். முகப்பக்கம் மேலே இருக்க நிழலில் உலரவிடவேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டு வெடிக்கும். கைவிரலால் முகத்தைத் தேய்த்தால், நனைந்த ஜெலற்றின் படலம் விரலோடு வரும். இங்க்ஜெற்றில் அடித்த படங்களைத் தண்ணீரில் போடவே கூடாது, மை கரைந்துவிடும். உடனே பார்க்க நேரமில்லையென்றால் பொலித்தீன் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடலாம். பூஞ்சணம் பிடிக்காது.

திருத்தும் வேலையில் எது இலகு, எது கடினம் என்று தெரிந்தால் விலை பேச உதவும். அல்பத்துக்குள் கிடந்தே சிவந்துபோன எண்பதுகளின் கலர்ப் படம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் நிறச் சமநிலையைச் சரிசெய்ய அதிக நேரம் எடுக்காது. அதற்குப் பெரிய தொகை கேட்டால் பேரம் பேசலாம். வெற்று வானத்தில், சுவரில் உள்ள கிழிசலும் அப்படித்தான். கண், வாய், காது வழியே போன கிழிசலுக்குத்தான் கைத்திறமை வேண்டும். கண் ஒன்று முழுதாகப் போய்விட்டால், மற்றக் கண்ணைத் திருப்பிப் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள் கைப்பழக்கம் குறைந்தவர்கள். எந்த மனிதருக்கும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதே ஆளின் வேறு வயதுப் படத்திலிருந்து கண்ணை எடுத்துப் பொருத்துவதே சரியான வழி. ஆகவே மங்கலான படம் என்று நினைப்பவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஏஐ விசயத்துக்கு வருவோம். இப்போது பல கடைகளில் ‘திருத்தம்’ என்பது ஒரு செயலியில் படத்தைப் போட்டு ஒரு பொத்தானை அமத்துவதுதான். வெளியே வரும் முகம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது எங்கேயோ பார்த்த யாரோ ஒருவரின் முகம். மங்கலான இடத்தில் இருந்ததை அந்தச் செயலி கண்டுபிடிப்பதில்லை. வேறு ஆயிரமாயிரம் முகங்களில் பழகியதை வைத்து நிரப்புகிறது, அவ்வளவுதான். நெற்றியில் உள்ள விபூதிக் குறி மூன்றையும் கீறல் என்று எடுத்து அழித்துவிடும். பொட்டு மங்கும், மூக்குத்தி மறுவாகும், மறு மறையும். வெற்றிலைக் காவிப் பல் வெள்ளைப் பல்லாகும். ஒரு கண் சற்று மாறுகண் என்றால் அதையும் ‘திருத்தி’ விடும். அந்த மாறுகண்ணை வைத்துத்தான் வீட்டார் அவரை அடையாளம் வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தோல் நிறம் இரண்டு மூன்று படி வெளிறும். கடைக்காரர் தானாகவே இன்னொரு படி வெளிறவைப்பார், வடிவாக இருக்கட்டும் என்று. வயலில் வெயில் குடித்த கறுப்பு மனிதரை மாவில் புரட்டித் தருகிற இந்தப் பழக்கத்தை ஓடர் கொடுக்கும்போதே தடுத்துவிடவேண்டும்: ‘நிறத்தைக் கூட்ட வேண்டாம்’ என்று ரசீதிலேயே எழுதுவியுங்கள்.

சோதிக்க ஒரு வழி உண்டு. கடைக்காரரிடம் பழைய ஸ்கானையும் திருத்திய படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ளதை மறைத்து மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணின் உள்மூலை, மூக்கு நுனி, வாயின் இரு முனை, காதின் அடி அசையாமல் நின்றால் திருத்தம். அசைந்தால் அது வேறு முகம். இதைக் காட்ட மறுக்கும் கடையில் பணம் கட்டவேண்டாம். அடுத்து, இறந்தவரை நன்றாகத் தெரிந்த வயதான ஒருவரிடம், மூலப்படத்தைக் காட்டாமல், திருத்தியதை மட்டும் கொடுங்கள். ‘ஆர் இது?’ என்று அவர் கேட்டால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. பிள்ளைகளின் சாட்சி இதில் எடுபடாது. படத்தை வைத்துத்தான் அவர்களுக்கு முகமே தெரியும், சுவரில் தொங்கப்போகிற முகத்தையே ஞாபகம் என்று பழகிக்கொள்வார்கள். ஏஐயைத் தொடவே கூடாது என்பதில்லை. துணி, பின்னணி, சுவர்க் கறை இவற்றுக்குத் தாராளமாக விடலாம். முகத்தில் விடக்கூடாது.

இனிச் சேர்க்கிற வேலை. ஆகக் கூடிய காசும் ஆகக் கூடிய ஏமாற்றமும் இதில்தான். ‘வெட்டி ஒட்டினது மாதிரி இருக்குது’ என்று சொல்லத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரிவதில்லை. காரணங்கள் குறிப்பிட்ட நாலைந்துதான். முதலாவது வெளிச்சத்தின் திசை. அப்பாவின் மூக்கு நிழல் இடப்பக்கம், மகளின் மூக்கு நிழல் வலப்பக்கம் என்றால் எந்த எடிற்றாலும் ஒட்டாது. ஒருவரின் படத்தை இடம்வலமாகத் திருப்பலாம், ஆனால் அப்போது வகிடும் மறுவும் சட்டைப் பையும் பக்கம் மாறிவிடும். இரண்டாவது, கமரா நின்ற தூரம். கைநீட்டி எடுத்த செல்பியில் மூக்குப் பெருத்து, காது ஒதுங்கும். பத்தடி தள்ளி எடுத்த ஸ்ரூடியோப் படத்தோடு அதை நிறுத்த முடியாது. மூன்றாவது தலை அளவு. வளர்ந்தவர்களின் தலைகள் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதை மறந்து, இறந்தவரை மரியாதைக்காகப் பெருப்பித்துவிடுவார்கள். உயரத்தையும் நீங்கள்தான் சொல்லவேண்டும், ‘நான் அப்பாவின் காது மட்டம்’ என்ற மாதிரி. நான்காவது, கூர்மை. பழைய படத்தைக் கூராக்கிப் புதியதோடு பொருத்த முயல்வது தலைகீழ் வேலை. புதிய படத்தைக் கொஞ்சம் மென்மையாக்கி, சொரசொரப்புச் சேர்த்து, பழையதின் பக்கம் இறக்கவேண்டும். முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கினால் பாதிப் பிரச்சினை மறைந்துவிடும். கடைக்காரர் விரும்பமாட்டார், நீங்கள் கேளுங்கள். கால் வரை வேண்டாம், இடுப்போடு நிறுத்துங்கள். நிலத்து நிழல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

உடம்புக்கு என்ன செய்வது? அடையாள அட்டையில் தலையும் தோளும்தான் உண்டு. கடைகளில் தயாராக இருக்கும் கோட்டும் ரையும் போட்ட உடம்பில் தலையைப் பொருத்திவிடுவார்கள். வாழ்நாளில் சாரமும் சேட்டும் தவிர வேறு எதுவும் உடுத்தாத மனிதர் மந்திரி மாதிரி நிற்பார். இதைவிட நல்ல வழி, அவரின் தம்பியையோ, உடல்வாகு ஒத்த மகனையோ, வேட்டி சால்வையோடு அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்து, அந்த உடம்பில் முகத்தைப் பொருத்துவது. கையும் கழுத்தும் குடும்பச் சாயலில் வந்துவிடும். வரப்போகும் கல்யாணத்துக்கோ பட்டமளிப்புக்கோ இப்படிச் சேர்க்கிற எண்ணம் இருந்தால், அன்றைக்கே கமராக்காரரிடம் சொல்லி, முக்காலியில் கமராவை வைத்து, ஓர் ஆள் நிற்கக்கூடிய இடைவெளி விட்டு இரண்டு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு நெருக்கமாக நிற்பவர்களைப் பிரித்து இடம் உண்டாக்குவதுதான் எடிற்றில் படுமோசமான வேலை.

வயதையும் யோசிக்கவேண்டும். முப்பத்திரண்டு வயதில் போன கணவரை அறுபத்தைந்து வயது மனைவிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பார்ப்பவர்கள் மகன் என்றுதான் நினைப்பார்கள். இப்படி ஆக்கிக் கொடுத்த படங்கள் பிறகு அலுமாரிக்குள் போய்விடுகின்றன. அந்த அம்மாவின் அந்தக் காலத்து அடையாள அட்டைப் படத்தை எடுத்து, இருவரையும் ஒரே வயதில் சேர்ப்பது நல்லது. அதுவும் இல்லையென்றால் ஒரே பிறேமுக்குள் இரண்டு தனி ஆளுருவம், நடுவில் ஒரு கோடு. அதில் பொய் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைத் தனியாகப் பேசவேண்டும். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 இல் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது கையில் இருந்ததும் படங்கள்தான். இந்த ஓடர் எடுக்கும் கடைக்காரர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ஆள் இறந்தவரா, தேடப்படுபவரா என்பது. கேட்காமல் வழக்கமான ‘அமரர்’ அச்சில் போட்டு, மாலையும் விளக்கும் ‘மறைவு’ என்ற இடமும் வைத்துக் கொடுத்த கதைகள் உண்டு. பிள்ளை வருவான் என்று இருக்கும் தாயின் கையில் அதைக் கொடுப்பது சின்னப் பிழை அல்ல. ஆகவே ஓடர் எழுதும்போதே வெற்றுப் பின்னணி, பெயர் மட்டும் என்று சொல்லிவிடுங்கள். இப்போது என்ன வயது இருக்குமோ அந்த வயதுக்கு முகத்தை முதிர்த்தித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. வீட்டில் வைத்துப் பார்க்க ஒருவர் விரும்பினால் அது அவர் விருப்பம், ஆனால் விண்ணப்பங்களுக்கும் முறைப்பாடுகளுக்கும் திருத்தாத மூலப்படத்தின் கொப்பிதான் போகவேண்டும். வெயிலில் பிடித்து நிற்கும் படத்துக்குச் சாதாரண இங்க்ஜெற் பிரிண்ட் உதவாது, சீக்கிரம் வெளிறிவிடும். கறுப்பு வெள்ளை லேசர்ப் பிரிண்ட் வெயிலை நன்றாகத் தாங்கும். அதை லமினேற் செய்யலாம். மூலப்படத்தை லமினேற் செய்யவே கூடாது.

வீட்டுக்கு வந்து முதியவர்களை எடுத்துத் தரும் சேவையும் சில கடைகளில் உண்டு. இதைக் கேட்பவர்கள்தான் குறைவு. வந்தால் குடையும் லைற்றும் தேவையில்லை. காலை எட்டரைக்கு முதல் அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு, விறாந்தை விளிம்பில் கதிரை போட்டு, முற்றத்தைப் பார்க்க இருத்தி, கமராவை அவரின் கண் மட்டத்துக்கு இறக்கி, ஆறேழு அடி தள்ளி நின்று எடுத்தால் போதும். பட்டுச் சேலை உடுத்தாமல் தினமும் உடுத்துவதோடும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு. கை தெரியவேண்டும். கணவரை இழந்தவரைப் பேரப்பிள்ளைகளின் நடுவில் இருத்துங்கள், ஓரத்தில் அல்ல. தன் பெயரையும் பிறந்த ஊரையும் சொல்லவைத்து அரை நிமிட வீடியோ ஒன்றும் கேட்டு வாங்கலாம்.

விலையைப் பொறுத்தவரை தலைக்கு இவ்வளவு, அளவுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். அதைவிட, எத்தனை தடவை திருத்தம் அந்தக் காசுக்குள் அடங்கும், பைல் தருவார்களா என்று கேட்டு எழுதுவியுங்கள். மூன்று பைல் வாங்கவேண்டும்: திருத்தாத ஸ்கான், திருத்திய முழு அளவுப் படம், அனுப்புவதற்கான சின்னது. பைல் தரமாட்டோம் என்றால் அடுத்த பிரிண்டுக்கும் அவர்களிடமே வரவைக்கும் நோக்கம். கடையின் பேஸ்புக்கில் மாதிரிப் படமாகப் போடவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கல்வெட்டுக்கு என்றால் 31 ஆம் நாள் கிரியைக்கு ஒரு கிழமைக்கு முன்பாவது படம் அச்சகத்துக்குப் போகவேண்டும். ஆகவே செத்தவீட்டுக்குப் பின் வரும் செலவு வீடு முடிந்த கையோடு ஓடர் கொடுத்தால்தான் திருத்திப் பார்க்க அவகாசம் கிடைக்கும். மூலப்படத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுத விடாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால் பெயர்களை இடமிருந்து வலமாக, ஊர், வருடத்தோடு எழுதலாம்.

கடைசியாகப் பிறேம். படத்தைக் கண்ணாடியோடு நேரே அமத்திப் பூட்டித் தருவதுதான் வழக்கம். வடகீழ்ப் பருவமழையின் ஈரத்தில் இரண்டும் ஒட்டிப்போகும். சுற்றிவர அட்டை விளிம்பு வைத்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான் கூடும். மரப் பிறேமுக்குக் கறையான் வரும், அலுமினியம் நல்லது. பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிறேமுக்கும் இடையில் காற்றுப் போகும். மழைச்சாரல் ஊறும் வெளிச்சுவரில் தொங்கவிடவேண்டாம். சூடாகிற மின்விளக்கு மாலை சுற்றினால் ஓரம் மஞ்சளாகலாம். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மேற்பகுதியில் குழைத்து வைத்தால் ஒழுகி, அடிச்சட்டத்துக்குள் இறங்கி, படத்தின் கீழ்ப்பக்கத்தைக் கறையாக்கும். சந்தனத்தைத் தண்ணீர் குறைத்துக் குழைத்து நெற்றி மட்டத்தில் சின்னதாக வையுங்கள். துடைக்கும்போது கண்ணாடியில் தண்ணீர் தெளிக்காமல், துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கவேண்டும்.